அவசரத்துக்கு மட்டும்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அங்கே எல்லோருக்கும் அவர் அறிவிப்பு அக்கா. இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது எத்தனை நிமிடம் தாமதம், யாருடைய குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வார். அதில் பதற்றமும் இருக்காது, அலட்சியமும் இருக்காது.

அந்தக் குரலுக்காகப் பஸ்ஸைத் தவறவிட்டவர்தான் அவருடைய கணவர். பெயின்ட் கடையில் வண்ணம் கலப்பவர். “அடுத்த வண்டிக்கும் இவதானே அறிவிப்பு சொல்லணும்னு வேணும்னே நின்னேன்” என்பார். “பொய். பெஞ்சுல தூங்கிட்டார், வண்டி போயிடுச்சு” என்பார் அக்கா. இருபது வருடமாக இந்த வழக்கு தீரவில்லை.

ஒருநாள் நிலையத்தில் பயணி ஒருவர் மயங்கி விழுந்தார். கூட்டம் மொய்த்துவிட்டது. அக்கா தன் கண்ணாடிக் கூண்டிலிருந்து, வண்டி நேரம் சொல்வது போலவே சொன்னார்: “மூன்றாம் நடைமேடையில் இருப்பவர்கள் நான்கு அடி பின்னால் செல்லவும். நீலச் சட்டை அணிந்தவர் மட்டும் அவர் அருகில் உட்காரவும். அவருடைய காலரைத் தளர்த்தவும்.” கூட்டம் நகர்ந்தது, நீலச் சட்டைக்காரர் உட்கார்ந்தார். வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ்காரர்கள் இதை எங்கள் அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் அக்கா எங்கள் அறைக்கு வந்துவிட்டார்.

துணிக்கடைக்காரருக்குத் துணி எப்படியோ, எங்களுக்கு அவசரம் அப்படி. அதுதான் எங்கள் சரக்கு. எட்டு மணி நேரமும் அதைத்தான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். மூச்சு விடுகிறாரா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, ரத்தம் நிற்காமல் போகிறதா என்று திரையில் கேள்விகள் வரிசையாக வரும். பத்து அழைப்பில் குறைந்தது மூன்று அவசரமே இல்லாததாக இருக்கும். விக்கல் நிற்கவில்லை என்று ஒருவர், மாடியில் தண்ணீர் ஏறவில்லை என்று ஒருவர். இதனாலேயே அந்தச் சொல் விஷயத்தில் அக்கா கறாராகிவிட்டார். வீட்டில் கணவர், “அவசரம், சட்டையைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுக் கொடேன்” என்றால், “மூச்சு இருக்குல்ல? அப்ப அவசரம் இல்லை” என்று பதில் வரும்.

அவர்களுக்கு ஒரே மகள். குழந்தையாக இருக்கும்போது நேராகத் தவழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் நண்டு என்று பெயர் வந்தது. பதினாறு வயதில் அம்மாவை விட ஒரு சாண் உயரமாகிவிட்ட பிறகும் நண்டு நண்டுதான்.

அந்த வருடம் நண்டு பதினோராம் வகுப்புக்கு நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பள்ளியில் சேர்ந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு மாலை இரண்டாவது பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. அவளுடைய போனில் சார்ஜ் இல்லை, கையில் சில்லறை தவிர வேறு எதுவும் இல்லை. நடந்தே வந்து சேர்ந்தாள், ஒன்றரை மணி நேரம் தாமதமாக. அவள் அப்பா கையில் காய்ந்த பச்சைப் பெயின்ட்டோடு பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்துபோயிருந்தார். அக்கா அப்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கோ தீக்காயத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கே தெரியும்.

மறுநாள் காலை கணவர் ஆரம்பித்தார். “கையில ஒரு கார்டு இருந்திருந்தா டாக்ஸி பிடிச்சு வந்திருப்பா.”

“பதினாறு வயசுப் பொண்ணுகிட்ட கிரெடிட் கார்டா? குரங்கு கையில பூமாலை கொடுத்த மாதிரி ஆயிடும்.”

“நான் கார்டே கேக்கலை. எனக்கு எதுக்குக் குரங்குப் பட்டம்?” என்றாள் நண்டு, பல் துலக்கிக்கொண்டே.

கடைசியில் அக்கா இறங்கிவந்தார். அவருடைய கணக்கிலேயே மகளுக்கு இன்னொரு கார்டு தருவார்களாம். வங்கிப் பெண், வரம்பு எவ்வளவு என்று கேட்டதற்கு அக்காவும் கணவரும் ஒரே நேரத்தில் இரண்டு வேறு தொகை சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே நடுவில் ஒன்றை எழுதிக்கொண்டாள். கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் அக்காவின் போனுக்குக் குறுஞ்செய்தி வரும், எந்தக் கடை, எவ்வளவு என்று. அதைக் கேட்ட பிறகுதான் அக்கா கையெழுத்தே போட்டார்.

கார்டு கைக்கு வந்த அன்று, கணவரின் கடையிலிருந்து வந்த ஒரு வண்ண அட்டையின் பின்பக்கத்தில் அக்கா மூன்று கேள்விகளை எழுதினார். உடம்புக்கு முடியலையா? வீட்டுக்கு வர வழி இல்லையா? யாராவது பயமுறுத்துறாங்களா? மூன்றில் ஒன்றுக்காவது ஆமாம் என்று பதில் வந்தால் மட்டும் கார்டை எடுக்கலாம்.

கணவர் எட்டிப் பார்த்தார். “மூணுதானா? நாம யோசிக்காத ஒண்ணு நடந்தா?”

“நான் யோசிக்காத அவசரமா? எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“இன்னொண்ணு எழுதேன். இன்னிக்கு விட்டா நாளைக்குச் சரிபண்ண முடியாதா, அப்படின்னு.”

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் எழுதினார். நண்டு அட்டையை வாங்கி, கார்டோடு சேர்த்துப் பென்சில் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு நான்கு மாதம் ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை, வங்கியிலிருந்து. மகளிடமிருந்து வந்ததுதான் வேடிக்கை. எங்கள் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மர அலமாரி ஒன்று இருக்கிறது, அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேநீர் இடைவேளையில் அக்கா போனை எடுத்தால், “செருப்பு அறுந்துடுச்சு, அவசரமா?” என்று இருக்கும். அது வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் ஒரு காலில் செருப்போடு பள்ளிக்கே போய்ச் சேர்ந்திருப்பாள். இன்னொரு நாள், “ரொம்பப் பசிக்குது, அவசரமா?” பரீட்சை நாளில், “கால்குலேட்டர் பேட்டரி போயிடுச்சு, அவசரமா?” அதைப் பார்க்கும்போது பரீட்சையே முடிந்திருந்தது. கையாலேயே கணக்கைப் போட்டுவிட்டு, கடைசிக் கணக்குக்கு நேரம் போதாமல் எழுந்து வந்திருந்தாள்.

“கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுது பொண்ணு. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்றாராம் கணவர்.

இதை எங்களிடம் சொல்லும்போது அக்காவின் முகத்தில் பாதி பெருமை, பாதி குற்ற உணர்வு. “ரெண்டு ரூபாய் பேட்டரிக்கு எங்கிட்ட அனுமதி கேட்டுக்கிட்டு நிக்குதே, இது நல்லதா கெட்டதா?” என்று என்னையே கேட்டார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை மணி இடைவேளை. நான் தேநீரை எடுத்துக்கொண்டு திரும்பினால் அக்கா அலமாரி முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

“என்னக்கா?”

போனை என்னிடம் நீட்டினார். வங்கியிலிருந்து இரண்டு செய்திகள். எட்டு மணி இருபது நிமிடத்துக்கு ஒரு மருந்துக்கடை. எட்டு நாற்பதுக்கு ஆண்கள் ஆயத்த ஆடையகம். மகளிடமிருந்து ஒரு வரி கிடையாது.

மருந்துக்கடை என்றால் அடிபட்டதா? அடிபட்ட பெண் ஆண்கள் துணிக்கடைக்கு எதற்குப் போனாள்? யாராவது கார்டைப் பிடுங்கிக்கொண்டார்களா? மகளின் போனுக்கு அடித்தார், அணைந்திருந்தது. பள்ளியில் வகுப்பு நேரத்தில் போனை அலுவலகத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் நான்கு முறை அடித்தார். ஊருக்கெல்லாம் பதறாதீங்க பதறாதீங்க என்று சொல்கிறவரின் விரல், எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தியது.

“அக்கா, ஸ்கூலுக்கே அடிங்க” என்றேன்.

பள்ளியில் எடுத்த பெண்மணி பதிவைப் பார்த்துச் சொன்னார். “இருபது நிமிஷம் லேட்டா வந்திருக்கா. கையெழுத்துப் போட்டுட்டு வகுப்புக்குப் போயிட்டா. நல்லாத்தான் இருக்கா.”

அக்கா சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் முகம் மாறியது. “நல்லா இருக்கான்னா, அந்த ஆம்பளைத் துணி யாருக்கு?”

கணவருக்கு அடித்தார். அவர், “எனக்குப் பிறந்தநாளோ என்னவோ” என்றார். “உங்க பிறந்தநாள் போன மாசம் முடிஞ்சுது!” என்று அக்கா வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் நாங்கள் உள்ளே இருந்தோம். அக்கா ஒரு பிரசவ வலியை எடுத்தார், மாடிப்படியில் விழுந்த ஒரு பெரியவரை எடுத்தார். குரலில் ஒரு பிசிறு கிடையாது. அழைப்பு முடிந்து ஹெட்செட்டைக் கொஞ்சம் நகர்த்தும்போது மட்டும் என் பக்கம் திரும்பி, “பையன் யாராயிருக்கும்?” என்பார். அடுத்த அழைப்பு வந்துவிடும்.

மீதியை அவர் மறுநாள் சொல்லித்தான் கேட்டேன். வீட்டுக்குப் போனபோது நண்டு சமையலறை மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“யாரு அவன்?”

“எவன்?”

“பேன்ட் வாங்கிக்கிட்டவன்.”

“அவனா? அவர்மா. அப்பா வயசு இருக்கும்.”

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் உட்கார்ந்ததும் நண்டு முழுவதையும் சொன்னாள்.

முதல் பஸ்ஸில் எள்ளு போட்டால் எள்ளு விழாத கூட்டம். அவளுக்கு முன்னால் இருந்த இருக்கையில், நல்ல சட்டையும் இஸ்திரி போட்ட பேன்ட்டுமாக ஒருவர், மடியில் சான்றிதழ் உறை. பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் மூன்று வயதுக் குழந்தை. வண்டி ஒரு வளைவில் திரும்பியதும் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது, அத்தனையும் அந்த மனிதரின் பேன்ட்டில். உறையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக் காப்பாற்றிவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் மூன்று பேரும் இறங்கினார்கள். நண்டுவும் அங்கேதான் பஸ் மாற வேண்டும்.

“அந்தக் குழந்தையோட அம்மா அழறாங்க. அவர், பரவாயில்லைம்மா, குழந்தைதானேன்னு அவங்களைச் சமாதானப்படுத்துறார். என்கிட்ட இருந்த தண்ணி பாட்டிலைக் கொடுத்தேன். கழுவினார், இன்னும் மோசமாச்சு. ஒன்பதரைக்கு இன்டர்வியூவாம். ரெண்டு வருஷமா வேலை இல்லையாம். கையில பஸ் காசுதான் இருக்கு, சரி வீட்டுக்கே போயிடறேன்னு எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டார். அந்த அம்மாகிட்டயும் காசு இல்லை. எதிர்லயே துணிக்கடைம்மா. அப்பதான் ஷட்டரைத் தூக்குறாங்க.”

“அதுக்கு?”

“அட்டையை எடுத்துப் பார்த்தேன். முதல் மூணுக்கும் இல்லை. நாலாவதுல நின்னுட்டேன். அவருக்கு நாளைக்குச் சரிபண்ண முடியாதே.”

“உனக்கு அவசரமான்னுதான் கேள்வி. ஊர்ல போறவனுக்கெல்லாம் இல்லை.”

“அப்படி எழுதலையேம்மா நீ.”

அடுப்பின் பக்கம் நின்ற அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை அடக்க.

“முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையோட கடைக்குப் போயிருக்க. அவன் சொன்னதெல்லாம் பொய்யா இருந்தா?”

“வாந்தி பொய்யாம்மா? நான் தனியாப் போகலை. அந்த அம்மா, குழந்தை, நான், அவர், நாலு பேரும் ஊர்வலமாப் போனோம். குழந்தைக்கு மறுபடி குமட்டுச்சு, அதுக்குத்தான் முதல்ல மருந்துக்கடை, ஒரு பாக்கெட் உப்புக் கரைசல். அப்புறம் பேன்ட். கடைக்காரர் உட்கார்ந்து கால் நீளத்தை மடிச்சுத் தைச்சுக் கொடுத்தார். இருக்கறதுலயே விலை குறைஞ்சதுதான், அதுலயும் பத்து சதவீதம் கேட்டு வாங்கினேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நீதானே சொல்லுவ.”

அக்காவுக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. “எல்லாம் சரி. அந்த ஆள் உனக்கு யாரு?”

நண்டு பேனாவைக் கீழே வைத்தாள். “அந்தக் கிளிக்காரர் உனக்கு யாரும்மா?”

அந்தக் கதை எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் எங்கள் எண்ணுக்கு அழைத்து, வளர்த்த கிளி பறந்து போய்விட்டது, வீட்டில் வேறு யாரும் இல்லை என்று அழுதார். வைத்துவிட வேண்டிய அழைப்பு. அக்கா நான்கு நிமிடம் பேசினார். கூண்டைத் திறந்து ஜன்னலில் மாட்டச் சொன்னார், அது தினமும் கேட்கிற பாட்டைப் போடச் சொன்னார், கடைசியாகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சூப்பர்வைசர் எழுத்தில் கண்டித்து ஒரு தாள் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிரித்துக்கொண்டே காட்டியவரும் அக்காதான்.

அக்கா மகளிடம் கையை நீட்டினார். “பில் எங்கே?” என்றார். நண்டு நான்காக மடித்துவைத்திருந்த பில்லைக் கொடுத்தாள். அக்கா அதைப் பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

“பேன்ட் போகட்டும். ஒரு வரி அனுப்பியிருக்கலாம்ல? ஆறு மணி நேரம் அந்த நாற்காலியில நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் தெரியுமா?”

நண்டுவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மறந்தே போயிருந்தாள். எழுந்து வந்து அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, “சாரிம்மா” என்றாள். உயரம் அதற்குச் சரியாக இருந்தது.

“இனிமே அவசரமா அவசரமான்னு எங்கிட்ட முன்னாடி கேக்காத. நீயே பார்த்துச் செய். செஞ்சதும் சொல்லு, அது போதும்” என்றார் அக்கா. கணவர், “சாப்பாடு ஆறுது, இதுவும் அவசரந்தான்” என்று தட்டுகளை எடுத்து வைத்தார்.

மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் பெயின்ட் கடைக்கே வந்தார். அப்பா மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் கடையில் வண்ணம் கலக்கிறார் என்று நண்டு சொல்லியிருந்தாளாம். கையில் அதே துணிக்கடைப் பை. உள்ளே பேன்ட், துவைத்து இஸ்திரி போட்டு மடித்தது.

“வேலை கிடைக்கலை சார். காசு இப்ப எங்கிட்ட இல்லை. துணியையாவது திருப்பிக் கொடுத்துடலாம்னு.”

அக்காவின் கணவர் பேன்ட்டைப் பிரித்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். “எனக்கு இது முட்டிக்கு மேல ஏறாதுங்க. அடுத்த இன்டர்வியூ எப்போ?”

“செவ்வாய்க்கிழமை.”

“அப்ப இது உங்ககிட்ட இருக்கறதுதான் நியாயம். பஸ்ல மட்டும் குழந்தை பக்கத்துல உட்காராதீங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்களாம். ஒரு தேநீர் குடித்துவிட்டு அவர் பையோடு போனார். செவ்வாய்க்கிழமை என்ன ஆனது என்று தெரியாது, பிறகு அவர் வரவில்லை. வேலை கிடைத்திருக்கும், அதனால்தான் நேரம் இல்லை என்பது கணவரின் கட்சி. அந்தக் குழந்தையின் அம்மா மட்டும் பள்ளி முடிகிற வரைக்கும் நண்டுவுக்குப் பஸ்ஸில் இடம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நண்டு வேறொரு நகரத்தில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கார்டு அவளிடமேதான் இருக்கிறது. அக்காவுக்கு இடைவேளையில் அலமாரியிலிருந்து போனை எடுத்ததும் வங்கிச் செய்திகளைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பயத்தில் பார்த்த காலம் போய்விட்டது. மகள் கடிதம் எழுதுகிற ஜாதி இல்லை, போனிலும் மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அதனால் அக்கா இதையே கடிதமாகப் படிக்கிறார்.

“புத்தகக் கடை. பரவாயில்லை, படிக்குது” என்பார். “கேக் கடை. யாருக்கோ பிறந்தநாள்.” ஒருமுறை மருந்துக்கடை என்று வந்ததும் உடனே அழைத்து, “சளியா?” என்று கேட்டார். “ஷாம்பூம்மா” என்று பதில் வந்தது.

போன புதன்கிழமை தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே படித்தவர், கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டார். ரயில் டிக்கெட் பதிவு. வெள்ளிக்கிழமை நீண்ட விடுமுறை தொடங்குகிறது என்று எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது.

“வர்றாப்பா! சொல்லவே இல்லை பாரு, திடீர்னு வந்து நின்னு அசத்தலாம்னு இருக்கா” என்றார். “நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். நீ சனிக்கிழமை என் ஷிப்டைப் பார்த்துக்கோ.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் அப்போதே கணவருக்குப் போன் செய்து, மகளின் அறையில் அடுக்கி வைத்திருக்கும் பெயின்ட் டப்பாக்களை எடுத்துவிடச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, “சும்மா, சுத்தமா இருக்கட்டும்னு” என்று மட்டும் சொல்லி வைத்தார். மணி அடித்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவருக்குத்தான் முதல் அழைப்பு வந்தது. “சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்று அவர் எப்போதும்போலத் தொடங்கினார்.